74 இருந்த இடத்தில் எனக்கு 21 தெரிந்தது

விமானி ஆகப்போகிறேன் என்று கிளம்பி, ஒரு நிமிடம்கூடப் பறக்காமல், 13,350 வெள்ளியையும் (ரிங்கிட்) முழுசாக ஒரு வருடத்தையும் விட்டுவிட்டு வந்தவன் நான். நடந்தது 2019இல். இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கு வெட்கம்தான் காரணம், வேறொன்றுமில்லை. போன மாதம் எங்கள் குடியிருப்புக் கோயில் திருவிழாவில் ஒரு அக்கா தன் மகனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, "நீங்கதானே தம்பி ஃபிளைட் படிப்புப் படிக்கிறது? இவனும் பைலட் ஆகணுமாம். எந்த ஸ்கூல்ல சேர்க்கலாம்?" என்று கேட்டார். மேளச் சத்தத்தில் நின்று சொல்லக்கூடிய பதிலா அது? "வீட்டுக்கு வாங்கக்கா" என்று அனுப்பிவிட்டேன். அவர் வருவதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீடு மலேசியாவின் பட்டர்வொர்த்தில், ஆகாயப்படைத் தளத்துக்குப் பக்கம். ஹோர்னெட் போர் விமானம் கூரைக்கு மேலே போனால் அம்மா தொலைபேசியில் பேசுவதை நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பார். சத்தம் அடங்கியதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடர்வார். நான் வாசலுக்கு ஓடுவேன். தமிழ்ப்பள்ளியில் 'என் இலட்சியம்' கட்டுரையில் விமானி என்று எழுதியவன், ஐந்தாம் படிவம் வரை அதை மாற்றவில்லை. அப்பா துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுகிறார். மகன் விமானம் ஓட்டப்போகிறான் என்பதில் அவருக்கு என்னைவிடப் பெருமை. 2019 மார்ச்சில் எஸ்.பி.எம்., அதாவது ஐந்தாம் படிவ இறுதித் தேர்வின் முடிவு வந்தது. இயற்பியல், கணிதம் இரண்டும் நன்றாகவே வந்திருந்தன. அதற்கடுத்த வாரமே ஜார்ஜ்டவுனில் நடந்த ஒரு கல்விக் கண்காட்சிக்குப் போனோம்.

அங்கேதான் அந்தப் பயிற்சிப் பள்ளியின் ஆளைப் பார்த்தோம். நம்ம ஆள்தான். வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை. அப்பாவை "அண்ணே" என்றும் அம்மாவை "அக்கா" என்றும் கூப்பிட்டு, மிலோ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துப் பேசினார். மொத்தப் படிப்புக்கு 338,000 வெள்ளி. முதல் தவணை கட்டினால் போதும், மீதிக்கு வீட்டை ஈடு வைத்து வங்கிக் கடன் வாங்க அவர்களே ஏற்பாடு செய்து தருவார்களாம். "மெடிக்கல் எப்போ எடுக்கணும்?" என்று நான் கேட்டேன். எங்கேயோ படித்திருந்தேன். "அதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி தம்பி, கண்ணாடி போடல்லல்ல? அப்புறமென்ன? ஜூலை இன்டேக்ல ரெண்டே இடம்தான் இருக்கு" என்றார். அந்த இரண்டு இடம் என்ற வார்த்தையில்தான் நாங்கள் விழுந்தோம். பிறகு தெரிந்துகொண்டேன், ஆகஸ்டிலும் அதே இரண்டு இடம்தான் இருந்தது.

பதிவுக் கட்டணம் 2,500. முதல் தவணை 20,000. சீருடை, ஹெட்செட் என்று 1,850. மொத்தம் 24,350 வெள்ளி. இதில் பாதி அம்மா எடுத்த சீட்டுப் பணம். மீதிக்கு அவருடைய வளையலும் என் தங்கச்சிக்கென்று சேர்த்து வைத்திருந்த சங்கிலியும் அடகுக்கடைக்குப் போயின. ஹெட்செட் பெட்டியைப் பிரித்துக் காதில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று படம் எடுத்தேன். அந்தப் படத்தை இன்னும் அழிக்கவில்லை. அதே மாதம், பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவத்துக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது; பதிய வேண்டிய நாளன்று பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய முட்டாள்தனம் அதுதான். வேறு இடத்தில் பணம் கட்டியிருந்தாலும் ஆறாம் படிவ இடத்தை விடாதீர்கள். போய் உட்கார்ந்திருங்கள். அங்கே உட்கார்ந்திருக்கக் காசு கேட்கமாட்டார்கள்.

வணிக விமானி உரிமத்துக்கு முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். சொந்தமாக ஓட்டுபவருக்கு இரண்டாம் வகுப்பு, கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை செய்பவருக்கு மூன்றாம் வகுப்பு. சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த மருத்துவரிடம்தான் எடுக்கவேண்டும். வீட்டுப் பக்கத்துக் கிளினிக் கடிதம் செல்லாது. பயிற்சிப் பள்ளி எனக்குக் கோலாலம்பூரில் தேதி வாங்கிக் கொடுத்தது, பணம் கட்டி ஏழு வாரம் கழித்து. இரவுப் பேருந்தில் போய் விடியற்காலை இறங்கி, பசியாறாமல் காத்திருந்தேன். இரத்தம், சிறுநீர், இதயத் துடிப்பு வரைபடம், மார்பு எக்ஸ்ரே, காது எல்லாம் ஆனது. கண்ணில் தூரத்துப் பார்வை, பக்கத்துப் பார்வை இரண்டும் சரியாக இருந்தன. கடைசியாக மருத்துவர் ஒரு புத்தகத்தை எடுத்தார். பக்கத்துக்கு ஒரு வட்டம், அதற்குள் வண்ணப் புள்ளிகள், புள்ளிகளுக்கு நடுவே ஓர் எண். இஷிஹாரா என்ற ஜப்பானிய மருத்துவர் 1917இல் வெளியிட்ட சோதனை அது. இன்றைக்கும் அதேதான்.

முதல் பக்கம் 12. "டுவெல்வ்" என்றேன். இரண்டாவது பக்கம் 3. அடுத்தது 5. அடுத்தது 70. தயங்காமல், ஒப்பிப்பதுபோலச் சொன்னேன். இவ்வளவு சுலபமான சோதனையா என்றுகூட நினைத்தேன். ஆறேழு பக்கம் போனதும் அவர் பேனா நின்றுவிட்டது. "இதை இன்னொரு தரம் பார்" என்றார். "21" என்றேன். எக்ஸ்ரே உறையோடு உள்ளே வந்த தாதியிடம் புத்தகத்தை அப்படியே திருப்பிக் காட்டினார். அந்தம்மா கதவருகில் நின்றபடியே "74" என்றார். நான் சிரித்தேன். ஏதோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். உண்மையாக.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும், ஏனென்றால் பலருக்கு இது தெரியாது. நிறக்குறை உள்ளவனுக்கு உலகம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும், அவனுக்கே அது தெரிந்திருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. அந்தப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லோருக்கும் 12தான். அடுத்த சில பக்கங்களில் சரியான கண்ணுக்கு ஓர் எண், சிவப்பு-பச்சைக் குறையுள்ள கண்ணுக்கு வேறோர் எண். உங்களுக்கு 8, எனக்கு 3. உங்களுக்கு 29, எனக்கு 70. ஒன்றுமே தெரியாமல் போயிருந்தால் எனக்கே சந்தேகம் வந்திருக்கும். எனக்குத்தான் பளிச்சென்று எண் தெரிந்ததே. பதினெட்டு வயது வரை போக்குவரத்து விளக்கில் நின்று போயிருக்கிறேன், பள்ளியில் வண்ணம் தீட்டியிருக்கிறேன், யாரும் எதுவும் சொன்னதில்லை. விளக்கில் மேலே எரிந்தால் நிற்கவேண்டும், கீழே எரிந்தால் போகவேண்டும்; வண்ணப்பென்சில் மேல் பெயர் எழுதியிருக்கும். அவ்வளவுதான்.

மருத்துவர் நல்ல மனிதர். உடனே முடியாது என்று முத்திரை குத்தவில்லை. விளக்குச் சோதனைக்கு வேறொரு நிபுணரிடம் எழுதிக் கொடுத்தார். அதற்கு இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரத்தில் நான் செய்ததை மறைக்கப் போவதில்லை. டெலிகிராமில் ஒருவன் இஷிஹாரா பக்கங்களின் வரிசையையும் விடைகளையும் அனுப்பினான். இரண்டு இரவு உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். நிறம் காட்டும் கண்ணாடி என்று ஒன்றை இணையத்தில் 400 வெள்ளிக்குப் பார்த்து, வாங்கும் வரை போனேன். இரண்டும் வீண். இருட்டறையில் உட்கார வைத்து, தூரத்தில் குண்டூசித் தலையளவு இரண்டு விளக்கைக் காட்டி, என்ன நிறம் என்று கேட்டால் எந்த மனப்பாடம் உதவும்? சிவப்பை ஓரளவு பிடித்தேன். பச்சையை வெள்ளை என்றேன். ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்ப.

ஒரு நிறத்துக்காகவா என்று அன்று கோபம் வந்தது. இப்போது வராது. ரேடியோ செத்துப்போனால் கோபுரத்திலிருந்து விளக்கால்தான் பேசுவார்கள்: நிலையான பச்சை என்றால் தரையிறங்கலாம், மினுக்கும் சிவப்பு என்றால் விமான நிலையம் பாதுகாப்பாக இல்லை, இறங்காதே. இரவில் எதிரே வரும் விமானத்தின் இடது இறக்கை நுனியில் சிவப்பு, வலது நுனியில் பச்சை, வாலில் வெள்ளை. அதை வைத்துத்தான் அது நம்மை நோக்கி வருகிறதா விலகிப் போகிறதா என்று தெரியும். பச்சையை வெள்ளை என்பவன் எதிரே வருவதை வால் என்று நினைத்துக்கொள்வான். ஆஸ்திரேலியாவில் 1989இல் ஒரு விமானி வழக்காடி, நிறக்குறை உள்ளவர்களுக்குக் கதவை நிறையவே திறந்துவிட்டார். ஆனால் ஒரு நாட்டு உரிமத்தை எடுத்துக்கொண்டு இன்னொரு நாட்டில் வேலை கேட்டால், அந்த நாட்டு மருத்துவச் சான்றிதழைத்தான் முதலில் கேட்பார்கள். அந்தக் கனவை ஒரு மாதம் கண்டுவிட்டு விட்டேன்.

வீட்டில் சொன்ன அன்று அப்பா எதுவும் பேசவில்லை. இரவு பத்து மணிக்கு "வா, ஃபெர்ரியில போய்ட்டு வரலாம்" என்று மோட்டாரை எடுத்தார். காடிகளும் மோட்டாரும் ஏறும் பழைய ஃபெர்ரி அப்போது ஓடிக்கொண்டிருந்தது. நடுக்கடலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கால்வாயின் இரு பக்கமும் மிதவை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. "அது என்ன கலர்?" "சிவப்பு." "அது?" "வெள்ளப்பா. ரோட்டு விளக்கு மாதிரி." அப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பச்சைடா அது" என்றார். திரும்பி வரும்போது வழியில் நிறுத்தி மீ கோரெங் வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் அம்மா தாத்தாவைப் பற்றிச் சொன்னார். அம்மாவின் அப்பா. தோட்டத்தில் செம்பனை வெட்டியவர். பழம் கறுப்பிலிருந்து சிவந்து பழுத்த பிறகுதான் குலையை வெட்டவேண்டும். காயை வெட்டினால் கூலியில் பிடிப்பார்கள். தாத்தா காயை வெட்டிக் கங்காணியிடம் திட்டு வாங்காத வாரமில்லையாம். "குடிச்சிட்டு வெட்டுறான்" என்று பேர். தாத்தா குடிக்கவே மாட்டார். கடைசியில் மரத்தடியில் எத்தனை பழம் உதிர்ந்து கிடக்கிறது என்று எண்ணிப் பார்த்து வெட்டப் பழகிக்கொண்டாராம். சிவப்பு-பச்சைக் குறை இப்படித்தான் வரும்: குறை உள்ள தந்தையிடமிருந்து மகள்கள் எல்லோருக்கும் அந்த மரபணு போகும், அவர்கள் பார்வையில் பெரும்பாலும் எந்தக் குறையும் இருக்காது, அவர்கள் பெறும் ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தாத்தாவிடமிருந்து மாமாவுக்கு வராது, ஏனென்றால் அப்பனிடமிருந்து மகனுக்கு இது போவதில்லை. ஆகவே உங்கள் பிள்ளை விமானி ஆகவேண்டும் என்று சொன்னால், முதலில் அம்மாவைப் பெற்ற தாத்தாவைப் பற்றி விசாரியுங்கள். எங்கள் வீட்டில் அந்தக் கதை இருபது வருடமாகச் சிரிப்புக் கதையாக ஓடிக்கொண்டிருந்தது.

பணத்துக்கு வருகிறேன். பயிற்சிப் பள்ளிக்கு அழைத்தால், கண்காட்சியில் பேசிய அந்த அண்ணன் வேலையை விட்டுப் போய்விட்டாராம். ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில், மருத்துவத் தகுதி மாணவரின் சொந்தப் பொறுப்பு, கட்டிய பணம் எக்காரணத்திலும் திரும்பாது என்று இருந்தது. கையெழுத்துப் போட்டது அப்பா, படிக்கவேண்டியது நான். இரண்டு மாதம் மின்னஞ்சல், பதிலில்லை. வழக்கறிஞரிடம் போகலாமா என்று யோசித்தபோது அப்பாவின் தொழிற்சங்க நண்பர் ஒருவர்தான் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தைப் பற்றிச் சொன்னார். மனு போட 5 வெள்ளி. வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, எதிர்த் தரப்பும் வைக்க முடியாது. இன்றைக்கு 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் கேட்கவேண்டும். என்னைக் காப்பாற்றியது ஒரு குரல் பதிவு. பணம் கட்டும் முன் நான் வாட்ஸ்அப்பில் மெடிக்கல் பற்றி மறுபடி கேட்டதற்கு, "ஃபார்மாலிட்டி தம்பி, ஃபெயில் ஆனா பணம் வந்துரும்" என்று அவர் அனுப்பியிருந்தார். அதை எழுதி, மலாயில் மொழிபெயர்த்து, ரசீதுகளோடு சேர்த்து மூன்று படி எடுத்துக்கொண்டு போனேன். விசாரணை நாளில் அவர்களே சமரசத்துக்கு வந்தார்கள். 11,000 வெள்ளி. ஹெட்செட்டை நானே வைத்துக்கொண்டேன். முழுத் தொகைக்கும் நின்று போராடியிருக்கலாமோ என்று இப்போதும் சில சமயம் தோன்றும். அடகு வட்டி ஓடிக்கொண்டிருந்தது, ஒப்புக்கொண்டேன்.

அதனால் அந்த அக்காவுக்கு நான் சொல்லப்போவது இதுதான். பதிவுக் கட்டணம் என்று யாராவது கேட்டால், முதல் வகுப்புச் சான்றிதழ் கைக்கு வரும்வரை ஒரு காசு கட்டாதீர்கள். அதற்கும் முன்னால் ஒரு கண் பரிசோதகரிடம் போய் இஷிஹாரா புத்தகத்தை மட்டும் காட்டச் சொல்லுங்கள், அதிகம் செலவாகாது. கைப்பேசியில் பார்க்கும் சோதனையை நம்பாதீர்கள், திரைக்குத் திரை நிறம் மாறும். வாயால் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். பள்ளிக்கு ஆணையத்தின் பயிற்சி அங்கீகாரம் இன்றைய தேதியில் இருக்கிறதா என்று ஆணையத்திடமே கேளுங்கள். அப்புறம், உரிமம் வாங்கிய மறுநாளே ஏர்பஸ்ஸில் உட்காரலாம் என்பதுபோல் பேசுவார்கள். ஒரே பள்ளியில் தொடர்ச்சியாக முடிக்கும் ஒருங்கிணைந்த பயிற்சியில் உரிமத்துக்கு 150 மணி நேரம் பறந்தால் போதும். அதற்குப் பிறகு குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சி தனி, பெரும்பாலும் அதற்குப் பணமும் தனி. கேப்டனுக்கான உரிமம் என்றால் 1,500 மணி நேரம். அந்தக் கணக்கை எங்களுக்கு யாரும் காட்டவில்லை.

2020இல் மேல்முறையீடு செய்து ஆறாம் படிவத்தில் சேர்ந்தேன். என்னைவிட ஒரு வயது சின்னப் பிள்ளைகளோடு. அதற்குள் கொரோனாவால் மார்ச் 18 நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, உலகம் முழுக்க விமானங்கள் தரையில் நின்றன. உறவுக்காரர்கள் வரிசையாக அழைத்து, "பாத்தியா, நல்லவேளை நீ போகல, சாமிதான் காப்பாத்துச்சு" என்றார்கள். வீடு ஈட்டுக்குப் போகவில்லை என்பது உண்மைதான். இருந்தாலும் அந்த "நல்லவேளை"யைக் கேட்கும்போது எரிச்சல் வரும். விமானிகள் வேலை இழந்ததில் எனக்கு என்ன ஆறுதல்?

ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். முடித்து நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் வான்வெளிப் பொறியியலில் (ஏரோஸ்பேஸ்) இடம் கிடைத்தது. வீட்டிலிருந்து மோட்டாரிலேயே போய்விடலாம். இந்தப் பக்கம் வருபவர்களுக்கும் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. விமானத்தைப் பழுதுபார்த்து, பறக்கவிடலாம் என்று கையெழுத்துப் போடுபவருக்கு வேண்டியது ஆணையத்தின் பராமரிப்பு உரிமம்: எந்திரப் பக்கம் பி1, மின்னணுப் பக்கம் பி2. வடிவமைப்பு, ஆய்வு, கணக்கு என்று போகிறவருக்கு வேண்டியது பட்டம், அதுவும் பொறியாளர் வாரியம் ஏற்கும் பட்டம். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் மலேசியா 2009 முதல் இருப்பதால் அந்தப் பட்டத்துக்கு வெளிநாட்டிலும் மதிப்புண்டு. முகவர்கள் இரண்டையும் கலந்து "ஏரோஸ்பேஸ்" என்று ஒரே பெயரில் விற்பார்கள். கல்லூரியின் பெயரை மட்டும் பார்க்காமல், அந்தக் குறிப்பிட்ட படிப்பின் பெயரை, படிப்புகளை அங்கீகரிக்கும் மலேசியத் தகுதி ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் தட்டிப் பாருங்கள்.

கண் இங்கேயும் கூடவே வந்தது. காற்றோட்டக் கணக்கைக் கணினி வானவில் நிறங்களில் வரைந்து காட்டும். எங்கே அழுத்தம் அதிகம் என்று விரிவுரையாளர் கேட்டபோது தப்பான இடத்தைக் காட்டினேன், வகுப்பே சிரித்தது. விரிடிஸ் என்று ஒரு நிறவரிசை இருக்கிறது, நிறக்குறை உள்ளவர்களும் படிக்கும்படி அமைத்தது. இப்போது என் படங்கள் எல்லாம் அதில்தான். கடைசி ஆண்டுத் திட்டத்துக்கு இரண்டு மீட்டர் இறக்கையுள்ள ஆளில்லா விமானம் ஒன்று செய்கிறோம். எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காட்ட அதில் ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் பச்சை விளக்கு வைத்திருந்தார்கள். நான் இடது இறக்கையின் அடியில் கறுப்பு ஒட்டுநாடாவால் குறுக்கே மூன்று பட்டை போட்டேன். மாலை வெயிலில் என் நண்பர்களுக்கும் அந்தப் பட்டைதான் முதலில் தெரிகிறது.

சித்தி மகனுக்குப் பதினான்கு வயது. அவனும் வாசலுக்கு ஓடுகிற ரகம். சித்தியும் தாத்தாவின் மகள்தானே, எனக்குக் கொஞ்ச நாளாகவே உறுத்திக்கொண்டிருந்தது. போன சனிக்கிழமை அவனை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு பட்டர்வொர்த்தில் ஒரு கண் பரிசோதனைக் கடைக்குப் போனேன். எதற்கென்று சொல்லவில்லை. அந்தப் பெண் புத்தகத்தை எடுத்தார். முதல் பக்கம், 12. பக்கத்தைத் திருப்பினார். அவன் கொஞ்சம் முன்னால் குனிந்து, "எட்டு" என்றான். எனக்கு அங்கே மூன்றுதான் தெரிந்தது. நான் புத்தகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.